அறியாமை என்று எழுதாதீர்கள்

ஜுவேரியா: கொழாயத் தொறக்காதீங்க சார்! கைய எடுங்க மொதல்ல!

குருபிரசாத்: இஞ்சின் சூடாயிடுத்துன்னுதானே உன் பட்டறைக்கே கொண்டு வந்தோம்? தண்ணி விட வேண்டாமா?

ஜுவேரியா: ஜெட்ஸ்கில இஞ்சின்தான் மொதல்ல, தண்ணி அப்பறம். நிறுத்தறப்போ தண்ணி மொதல்ல, இஞ்சின் அப்பறம். இஞ்சின் ஓடாதப்போ தண்ணிய வுட்டா, பொகை போற வழியா உள்ள பூந்து இஞ்சினையே முழுகடிச்சிடும்.

குருபிரசாத்: பதினஞ்சு வருஷமா போட் கிளப்புக்கு செக்ரட்டரியா இருக்கேன். யாரும் இதைச் சொன்னதில்லையே...

ஜுவேரியா: யாரையாவது கேட்டீங்களா?

ஐவி: அக்கா, வேணாம்...

ஜுவேரியா: நீ சும்மா இரு ஐவி. இந்தத் தண்ணி பைக்க ஓட்டறவ நீ. கடல்ல ஆளு முழுகுனா போய்த் தூக்கறவ நீ. சொல்லு, எது மொதல்ல?

ஐவி: இஞ்சின்.

ஜுவேரியா: கேட்டுக்கினீங்களா சார்? இப்போ அந்த லெட்டரப் படிங்க.

குருபிரசாத்: அது உனக்கு எதுக்கும்மா? மெக்கானிக்னு கீழ ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

ஜுவேரியா: நிக்காஹ் புஸ்தகத்துலயே ரெண்டு தபா படிச்சிட்டுதான் கையெழுத்து போட்டேன். மாப்ள வேர்த்துப் பூட்டாரு. படிங்க.

குருபிரசாத்: "ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மீட்பு ஓட்டுநர் செல்வி ஐவி, இயந்திரம் பற்றிய அறியாமையால் ஊர்தியை அளவுக்கு மீறிச் சூடேற்றி, அதன் புகைக்குழாய் கருகக் காரணமானார். அவரது அறியாமையைக் கருதி அவரை மன்னிக்கும் நிர்வாகக் குழு, அவரை அனுமதிச்சீட்டுப் பணிக்கு மாற்றுகிறது. இனி மீட்புப் பணியில் பெண்கள் அமர்த்தப்பட மாட்டார்கள்."

ஜுவேரியா: ரெண்டு தபா அறியாமை!

குருபிரசாத்: நல்ல தமிழ்ம்மா. தலைவர் பத்ரிநாராயணன் சாரே உட்கார்ந்து எழுதினார்.

ஜுவேரியா: தமிழ் நல்லாத்தான் கீது. பொய்யிதான் நல்லா இல்ல.

குருபிரசாத்: வேலை போகலையே! நிழல்ல உட்கார்ந்துண்டு டிக்கெட் குடுக்கலாம். இதைக் கூட எவ்வளவு மன்றாடி வாங்கினேன் தெரியுமா?

ஐவி: நான் நிழல் கேக்கல சார்.

குருபிரசாத்: ஐவி, உன்னை இந்த வேலைக்கு எடுத்ததே நான். பொம்பளைப் பொண்ணு வேண்டாம்னு குழுல அஞ்சு பேர் எதிர்த்தா. நான் ஒருத்தன்தான் நின்னேன்.

ஐவி: அத நான் மறக்கல சார்.

ஜுவேரியா: ஐவி, ஏறு. கருகுன பொகை ஓஸ மாத்திட்டேன், பயப்படாம ஸ்டார்ட் பண்ணு... சார், இப்போ கொழாயத் தொறங்க. பக்கவாட்டுல அந்தச் சின்ன ஓட்டையப் பாருங்க. இன்னா வருது?

குருபிரசாத்: சொட்டு சொட்டா வரது.

ஜுவேரியா: பென்சில் கனத்துக்குத் தாரையா பீச்சணும். இஞ்சினையும் பொகைக்கொழாயையும் சுத்தி ஓடற தண்ணிதான் ரெண்டையும் குளுர வெக்கிது. அது ஓடலன்னா சூட்டுப் பொகை ரப்பரக் கருக்கிடும். கொழாய மூடுங்க... ஐவி, இப்போ நிறுத்து.

குருபிரசாத்: அதைத்தானே தலைவரும் எழுதியிருக்கார்? அவ கவனிச்சிருக்கணும்.

ஜுவேரியா: இருங்க. தண்ணி ஏன் ஓடலன்னு பாக்க வாணாமா? இதோ, வடிகட்டியக் கழட்டறேன்... கைய நீட்டுங்க. இன்னா இது?

குருபிரசாத்: மணல்...

ஜுவேரியா: முட்டியளவு தண்ணில வண்டிய நிக்க வெச்சு முறுக்குனா, அடியில கீற மணலெல்லாம் உறிஞ்சிக்கும். ஐவி, ஞாயித்துக்கெழமை நீ எங்க போன?

ஐவி: முகத்துவாரத்தத் தாண்டி. கால் எட்டாத ஆழம்.

ஜுவேரியா: அப்போ முட்டித் தண்ணில முறுக்குனது யாரு?

குருபிரசாத்: கரைக்கு வரச்சே, அலை அடிச்சு...

ஜுவேரியா: மணலோட இன்னொண்ணு மினுக்கிது பாருங்க. நல்லா வெளிச்சத்துல புடிங்க.

குருபிரசாத்: ஏதோ நூல் மாதிரி இருக்கு.

ஜுவேரியா: ஜரிகை சார், ஜரிகை! மீனுங்க எப்போலேர்ந்து பட்டு கட்டிக்கினு சுத்துது?

ஐவி: அன்னைக்குக் காலைல தலைவர் பொண்ணு ஸ்ரீலக்ஷ்மிக்குக் கல்யாண போட்டோ எடுத்தாங்கக்கா. பின்னாடி தண்ணி வாணம் மாதிரி பீச்சணுமாம். முந்தானையே உள்ள மாட்டிக்கிச்சு.

ஜுவேரியா: முறுக்குனது?

ஐவி: சாரையே கேளுங்க.

குருபிரசாத்: தலைவர் வீட்டு விசேஷம், நான் என்னம்மா பண்றது? பத்தே நிமிஷம்... கேமராக்காரன் இன்னும், இன்னும்னான்.

ஜுவேரியா: மணல உள்ள போட்டது உங்க பயம். ஜரிகைய உள்ள போட்டது அவுங்க பகட்டு. பழி மட்டும் இந்தப் பொண்ணு மேலயா? இவ ஹேண்டில் புடிச்சா அறியாமை. நான் ஸ்பேனர் புடிச்சா அதிசயம். நீங்க கொழாயத் தப்பாத் தொறந்தா மட்டும் அது பதினஞ்சு வருஷ அனுபவமா?

குருபிரசாத்: சரி, மணல் என் தப்புன்னே வெச்சுக்கோ. ஆனா சூடு ஏறினா அலாரம் அடிக்குமே! அடிச்சா நிறுத்தணும்னு அவளுக்குத் தெரியலையே!

ஜுவேரியா: அடிக்கவே இல்லன்னு நேத்தே எங்கிட்ட சொல்லிட்டா. ஒயரு போயிருக்கும். இதோ, சென்சார் ஒயர இரும்புல தொடறேன், நல்லா இருந்தா அடிக்கும், பாருங்க...

குருபிரசாத்: அடிக்கறதே! கபாலி கோயில் குளம் வரைக்கும் கேக்கும் போலிருக்கே!

ஜுவேரியா: ஒயரு நல்லாத்தான் கீது, ஐவி.

ஐவி: அக்கா...

ஜுவேரியா: எங்கிட்டயேவா? உனுக்கோசரம்தானே இங்க நின்னு கத்திக்கினு கீறேன்!

ஐவி: அடிச்சுதுக்கா. மூணு நிமிஷம் விடாம அடிச்சுது. ரப்பர் கருகற நாத்தமும் வந்துச்சு.

ஜுவேரியா: அப்பறம் ஏம்மா நிறுத்தல?

ஐவி: பின்னாடி கயித்தப் புடிச்சிக்கிட்டு தல்ஹா அண்ணன் வந்தாரு. போட்டோ எடுத்தவங்களுக்கு பிரியாணி போட வந்தவரு. கரையில அண்டா கழுவறப்போ அலை அண்டாவ இழுத்துச்சு. அண்டாவ விட மனசில்லாம அவரும் கூடவே போயிட்டாரு.

ஜுவேரியா: அண்டாவ வுட்டுத் தொலைக்கக் கூடாதா அந்த மனுசன்!

ஐவி: கரையேறினதும் மொதல் வார்த்தை, "அண்டா எங்கம்மா?" நான் இஞ்சின நிறுத்தியிருந்தா, அவரு அத கேக்கவும் இருந்திருக்க மாட்டாரு.

ஜுவேரியா: இருங்க சார்... லெட்டர்ல தல்ஹா பேரே இல்லியே? ஓஸ் கருகுனது கீது, ஊர்தி சூடானது கீது. ஒரு உசுரு பொழச்சது எந்த வரில கீது?

குருபிரசாத்: அது... தேவையில்லாத விவரம்னு...

ஜுவேரியா: யாருக்குத் தேவையில்ல? குடுங்க பேனாவ! "அறியாமையால்"ங்கறத அடிச்சிட்டு "அறிந்தே"ன்னு எழுதறேன். அதுக்குக் கீழ வேணா பத்து கையெழுத்து போடறேன்!

குருபிரசாத்: அவசரப்படாதே! தெரிஞ்சே எரிச்சாள்னா, குழு இவளை வீட்டுக்கே அனுப்பிடும். ஐவி, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். அலை சத்தம், இஞ்சின் சத்தம்... உனக்கு எதுவும் கேக்கலை. அலாரம் மட்டுமில்லே, வேற எதுவுமே கேக்கலை. அப்படித்தானே? கேக்கலைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு.

ஜுவேரியா: இன்னா சார் கெஞ்சறீங்க? வேற இன்னா கேட்டிருக்கணும் இவுளுக்கு?

ஐவி: அலாரம் கேட்டுச்சுன்னு சொன்னா, அதுக்கப்பறம் கேட்டதையும் சொல்ல வேண்டி வரும்னுதான்க்கா உங்ககிட்ட மறைச்சேன்... எனக்காக நின்ன மனுசனாச்சேன்னு. இனிமே முடியாது. எழுதிக்குங்க சார்: அலாரம் கேட்டுச்சு. வாக்கி டாக்கில, "அந்தாளு மெம்பர் இல்ல, வண்டி எரிஞ்சுடும், கயித்த அறுத்துட்டுத் திரும்பு"ன்னு நீங்க சொன்னதும் கேட்டுச்சு. ரெண்டையும் கேட்டேன், அறிஞ்சேதான் ஓட்டினேன்.