மாஸ்ரர் வாசித்த கடிதம்

தெரியாத பிரெஞ்சைத் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டு ஒரு பெண்ணின் கடிதத்தைப் பிழையாக வாசித்துச் சொன்னவன் நான். புதிதாகக் குடிவந்தவர் தன் பெயரில் மின்சாரம் பதியாவிட்டால் இணைப்பை வெட்டுவார்கள் என்பதே அதில் இருந்தது. நானோ, “வீட்டுக்காரர் பார்ப்பார், பிள்ளை” என்றேன். ஊரில் பள்ளி மாஸ்ரராக இருந்தவன் என்பதால் நம்பினாள். மின்சாரம் வெட்டுப்பட்டு, கைக்குழந்தையோடு மூன்று நாள் இருட்டிலும் குளிரிலும் இருந்தாள்.

அடுத்த ஆண்டு செயின்ட்-மிஷேல் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் அவளும் தோழியும் இருந்தார்கள். அவர்கள் என்னைக் காணவில்லை.

“லாசாலிலை பாத்த வீடு நல்லம். ஆனா கரண்ட் எங்கடை பேரிலை எடுக்கோணும்” என்றாள் அவள்.

“அப்ப இஞ்சை ஹீற்றரும் வாடகைக்குள்ளை வாற வீட்டை எடுவன்.”

“அதிலை வீட்டுக்காரன் நினைச்சாத்தான் சூடு. எனக்கு என்ரை கையிலை இருக்கோணும்.”

“ஃபோர்ம் பிரெஞ்சிலையெல்லோ வரும். மாஸ்ரரிட்டைக் காட்டன்.”

“பேந்தும் மெழுகுதிரி வாங்கச் சொல்லுறியோ?”

இருவரும் சிரித்தார்கள்.

“பாவம், மனுசன் உதவி செய்யத்தான் பாத்தது. தெரியாது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். திங்கக்கிழமை மெற்றோ ஸ்ரேசனடியிலை பிரெஞ்சு வகுப்புத் தொடங்குது. நானே படிச்சு நிரப்புவன்” என்றாள் அவள்.

இறங்கவேண்டிய இடம் தாண்டியும் நான் எழும்பவில்லை.

திங்கட்கிழமை அந்த வகுப்புக்குப் போய், அவளிடம் என் பிழையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் லாசால் வீட்டு மின்சாரப் படிவத்தை எடுத்து நடுவில் வைத்து, ஒரு பிரெஞ்சுச் சொல்லில் விரலை வைத்தாள்.

“இதென்ன சொல்லு, மாஸ்ரர்?”

“தெரியாது, பிள்ளை” என்றேன்.

தன் அகராதியை என் பக்கம் தள்ளினாள்.