நான் அடைத்த ஊசித்துளை

கண்டிப்பிலும் கருணையிலும் குறை வைக்காத, இந்த அவையின் தலைவர், தலைமையாசிரியர் ஜெகதாம்பாள் அம்மையார் அவர்களே! கல்லைக் கண் திறக்க வைக்கும் பட்டறைப் பெரியோர்களே! கடலுக்குப் போய்வந்த அலுப்போடு இங்கே வந்து அமர்ந்திருக்கும் குப்பத்துச் சகோதரர்களே! குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, "தண்ணி லாரி வந்தா கொரலு குடு" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! இந்தப் பள்ளியின் மகள்களே! உங்கள் எல்லோரையும் கை கூப்பி வணங்குகிறேன்.

என் பெயர் உலகநாதன். பதினைந்து ஆண்டு இந்த மாமல்லபுரத்தில் உளி பிடித்தவன். கல்தூசி நெஞ்சில் இறங்கிய பிறகு உளியை வைத்துவிட்டுக் குழாய் வேலைக்கு வந்தவன். கக்கூஸ் திறக்கவா மேடை, கக்கூஸ் திறக்கவா மாலை என்று பின்வரிசையில் ஒருவர் சிரிக்கிறார். சிரியுங்கள் அண்ணாத்த. நான் முடிக்கும் வரை அந்தச் சிரிப்பு தாங்குகிறதா, பார்ப்போம்.

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு. என் ஒரே மகள் ஸ்ரீதேவி இங்கே எட்டாம் வகுப்பு. பள்ளியில் நான்கு கழிப்பறை இருந்தது. நான்கிலும் பூட்டு இருந்தது. ஏன் பூட்டு? ஒருமுறை ஊற்ற ஒரு வாளித் தண்ணீர் வேண்டும். முந்நூறு பெண்களுக்கு எங்கே போவது? ஆழ்துளைக் கிணறு வறண்டுவிட்டது. லாரித் தண்ணீர் குடிக்கவே பற்றவில்லை. நம் பெண்கள் என்ன செய்தார்கள்? காலையில் தண்ணீர் குடிக்காமல் வந்தார்கள். மதியம் குடிக்காமல் இருந்தார்கள். மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடினார்கள். தலையை ஆட்டுகிறீர்களே தாய்மார்களே, உங்களுக்குத் தெரியாததா?

என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. மறுபடி வந்தது. மூன்றாம் முறை நீர்க்கடுப்பில் துடித்தாள். அடக்கி அடக்கி வந்த வினை, இப்படியே விட்டால் சிறுநீரகம் போய்விடும் என்றார் டாக்டர். என் மனைவி ஜோதிலட்சுமி அன்றே முடிவெடுத்துவிட்டாள். செங்கல்பட்டில் என் தங்கை வேண்டாவின் வீடு. அந்த ஊர்ப் பள்ளியில் தண்ணீர் உண்டு. பெட்டி கட்டினோம், பேருந்து ஏற்றினோம், பிள்ளையை அனுப்பிவிட்டோம்.

அதன்பிறகு எங்கள் வீடு வீடாகவா இருந்தது? மூன்று பேருக்கு உலை வைத்துப் பழகிய கை இரண்டு பேருக்கு வைக்க மறுத்தது. மிஞ்சிய சோற்றைப் பார்த்து அவள் அழுவாள். அவளைப் பார்க்காமல் நான் சாப்பிடுவேன். ஞாயிறுதோறும் டெலிபோன் பூத்தில் நிற்பேன். ஞாயிறுதோறும் ஒரே கேள்வி.

"நைனா, எப்ப நைனா நான் வூட்டுக்கு வர்றது?"

கக்கூஸ் திறந்ததும் வந்துவிடலாம் என்பேன். உலகத்தில் எந்தத் தகப்பனாவது ஒரு கழிப்பறைப் பூட்டைப் பார்த்து ஏங்கியிருப்பானா? நான் ஏங்கினேன் ஐயா. தினமும் அந்த வழியாகவே வேலைக்குப் போய் ஏங்கினேன்.

அப்போதுதான் கடற்கரை விடுதி ஒன்றில் வெளிநாட்டுக் கழிப்பறைப் பீங்கான்கள் சிலவற்றை வேகம் போய்விட்டது என்று கழற்றிப் போட்டார்கள். நான்கைக் கேட்டு வாங்கி வந்தேன். அது என்ன ஜாலம் தெரியுமா? மூடிய தொட்டி. உள்ளே காற்று. மோட்டார் தள்ளும் தண்ணீர் ஏற ஏற, காற்று நெருங்கும், நெருங்கி இறுகும். பொத்தானை அழுத்தினால் இறுகிய காற்று தண்ணீரை உதைத்துத் தள்ளும். வாளித் தண்ணீர் செய்யும் வேலையைக் கால் வாளி செய்து முடிக்கும்!

பட்டறைக்காரர்களே, இனி சொல்வது உங்களுக்கு நன்றாகப் புரியும். சிலையில் ஊசி முனை அளவு துளை இருந்தால் நாம் என்ன செய்வோம்? கல்பொடியைப் பசையில் குழைத்து அடைப்போம். தேய்ப்போம். துளையோடு ஒரு சிலை பட்டறை வாசலைத் தாண்டாது. கழுவித் துடைத்தபோது ஒவ்வொரு தொட்டியின் தலையிலும் ஓர் ஊசித்துளை தெரிந்தது. மாட்டிப் பார்த்தால் உஸ்ஸென்று சத்தம் வேறு. என் கை என்னைக் கேட்கவில்லை. நான்கையும் அடைத்தேன், இருந்த இடம் தெரியாமல் இழைத்தேன், தள்ளி நின்று அழகும் பார்த்தேன்.

பொங்கலுக்கு முன் பூட்டு திறந்தது. தண்ணீர் இடி போல இறங்கியது. பூத்துக்கு ஓடினேன். "வந்துடும்மா, இனிமே போவ வாணாம்" என்றேன். வந்தாள். மூன்றே வாரம் இருந்தாள். நாளுக்கு நாள் வேகம் குறைந்தது. ஒருமுறை அழுத்திய இடத்தில் ஐந்து முறை அழுத்தினார்கள். பழைய வாளியைவிட அதிகம் செலவானது. அம்மையார் கண்ணீரோடு மறுபடி பூட்டினார். என் மகள் தானே பெட்டியைக் கட்டினாள்.

நான்கு ஆண்டு! வால்வை மாற்றினேன், வாஷரை மாற்றினேன், மோட்டாரை மாற்றினேன். கேள்வி மட்டும் ஞாயிறுதோறும் மாறாமல் வந்தது. பிறகு ஒரு ஞாயிறு, அவள் கேட்பதையே நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பெரிய அடி.

இந்தப் பொங்கல் விடுமுறையில் வந்தவள், என்னோடு இங்கே வந்து தொட்டியைத் தடவிப் பார்த்தாள். பிளஸ் டூ படிக்கிற பெண்.

"நைனா, உள்ள கீற காத்து தண்ணியில கலந்து கொஞ்சம் கொஞ்சமா போயிடும். புதுக் காத்து எது வழியா வருது?"

என் விரல் தானாக அந்த வழவழப்பான இடத்துக்குப் போனது. அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

"ஊசி கீதா நைனா?" என்று மட்டும் கேட்டாள்.

நான்கு துளையையும் இரண்டு பேரும் சுரண்டித் திறந்தோம். உள்ளே ஒரு சிறு நாக்கு, காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. வேகம் வந்தது. பத்தே நாளில் போனது! கல்தூசியும் கடல் உப்பும் சேர்ந்து துளையை அடைத்திருந்தன. விடுதியிலும் இதுதான் நடந்திருக்க வேண்டும். துளையைச் சற்றே பெரிதாக்கினேன். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாயைச் சுவரில் உயர ஏற்றி, வாயைக் கீழ்நோக்கி வளைத்து, வலையும் பஞ்சும் கட்டினேன். ஒவ்வொரு முறை தண்ணீர் இறங்கும்போதும் தொட்டி நல்ல காற்றை இழுத்துக்கொள்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் மாணவிகள் பஞ்சை அலசிக் கட்டுகிறார்கள். ஐந்து மாதம் சோதித்துவிட்டோம். கால் வாளிக்கு ஒரு சொட்டு கூடவில்லை.

பின்வரிசை அண்ணாத்த, சிரிப்பு எங்கே? கண்ணைத் துடையுங்கள், துடையுங்கள். நானும் துடைத்துக்கொள்கிறேன்.

என் மகள் இப்போது மூன்றாம் வரிசையில், அம்மாவின் பக்கத்தில் இருக்கிறாள். பிளஸ் டூ முடித்தாயிற்று. செங்கல்பட்டிலேயே நர்ஸ் படிப்பில் சேர்ந்தாயிற்று. பன்னிரண்டு வயதில் அனுப்பிய என் பிள்ளையை எனக்கு யார் திருப்பித் தருவார்? ஒருவரும் தர முடியாது. ஆனால் முந்நூறு மகள்களே, நாளைக் காலை வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். உங்களில் ஒருத்திக்கும் இனி ஒரு பெட்டி கட்டப்படக் கூடாது. அந்த ஒன்றைத்தான் கேட்கிறேன்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், தண்ணீர் லாரியை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கும் என் நன்றி. அம்மையார் சாவியை என் கையில் கொடுத்திருக்கிறார். இதைத் தொட எனக்கு யோக்கியதை இல்லை.

ஸ்ரீதேவி, மேடைக்கு வாம்மா. எட்டாம் வகுப்பில் நீ திறந்திருக்க வேண்டிய கதவு. வந்து திற. ஆறு மணி செங்கல்பட்டு பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

வணக்கம்.