அறையை ரெண்டாக வெட்டிய சிறுமி

என் பிள்ளைகளே, இன்று வித்துரா ஊருக்குப் போகும் பஸ்ஸில் முன் சீட்டுச் சிறுமி தன் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"அம்மா, இன்னைக்கு ஒரு அறையை ரெண்டா வெட்டினேன்."

"என்னது மோளே?"

"மறுபரீட்சையில எல் எழுத்து மாதிரி ஒரு அறை. பரப்பு கேட்டிருந்தாங்க."

"ஐயோ! போன தடவை ஆறு பக்கத்தையும் பெருக்கி, தம்பானூர் ரயில் ஸ்டேஷன் அளவுக்கு அறை கட்டித் தோத்தியே!"

"இப்ப குறுக்கே ஒரு கோடு போட்டேன். ரெண்டு செவ்வகமாச்சு. நாலு மூணு பன்னெண்டு, ரெண்டு ரெண்டு நாலு. கூட்டினா பதினாறு!"

"சரியாணோ?"

"டீச்சர் நான் போட்ட கோட்டையே போர்டுல வரைஞ்சு காட்டினாங்கம்மா!"

அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

சாயங்காலம் நீங்கள் விளையாடப் போயிருந்தபோது, எல் எழுத்து மாதிரி மடங்கிய நம் அடுக்களைத் தரையில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு அளந்தேன். நீங்கள் வந்து பார்க்கட்டும் என்று அந்தக் கோட்டை அழிக்கவில்லை.