அசனக் கிடாரத்தில் விழுந்த சோளம்

நம்ம சபைக் கோயிலு பனையோலைக் கூரையா இருந்த காலம். ஓடு போடுததுக்கு ரொம்ப முந்தி. அப்பம் இந்த மஞ்சணத்திவிளையில யேசுவடியாள்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் செத்துப்போனான். ஒரே ஒரு மக. அந்த மக காய்ச்சல்ல கிடந்து கண்ணு சொருகிட்டு. இவ முழங்கால் போட்டு, "ஆண்டவரே, பிள்ள எந்திச்சிட்டான்னா வீட்டுல உள்ளது அம்புட்டையும் அசனக் கிடாரத்துல போடுதேன்"னு பொருத்தனை பண்ணினாளாம். பிள்ள எந்திச்சிட்டு. வீட்டுல உள்ளது எது? ஒரு படி சோளம். வேற ஒண்ணும் கிடையாது.

அசனம்னா உங்களுக்குத் தெரியும். வீட்டு வீட்டுக்கு அரிசி போட்டு, ஒரே கிடாரத்துல பொங்கி, ஊரே ஒண்ணா உக்காந்து திங்கது. அந்த வருசம் மழை தப்பிப்போச்சு. சபை மூப்பர் மதுரநாயகம் ஞாயித்துக்கிழமை எந்திச்சு நின்னு சொன்னாராம்: "வெளியூர்ச் சபையில இருந்தெல்லாம் ஆளு வருது. கிடாரத்துல சம்பா அரிசிதான் விழணும். சோளம், கம்புன்னு தூக்கிட்டு வந்து மானத்த வாங்காதிய. இல்லாதவங்க சும்மா வந்து சாப்பிடுங்க. நான் ரெண்டு மூட்டை தாரேன்."

சும்மா வந்து சாப்பிடணுமாம்! கேட்டியளா பேச்ச? இப்பச் சொல்லும்போதும் எனக்கு வயிறு எரியுது.

யேசுவடியா அவரு வீட்டுக்கே போனாளாம்.

"மூப்பரையா, பொருத்தனை. எங்கிட்ட இதுதான் இருக்கு."

"அத நீயே கஞ்சி காய்ச்சிக் குடி பிள்ள. ஆண்டவர் கோவிக்க மாட்டாரு."

"அவரு கோவிக்க மாட்டாரு. நீங்கதான் கோவிக்கிறிய"ன்னுட்டு வந்துட்டாளாம்.

அசனத்தன்னைக்குக் காலையில தண்ணி கொதிக்குது. பொம்பளைங்க அரிசி களைஞ்சிட்டு இருக்காவ. இவ நேரா வந்தா. ஒருத்தர்ட்டயும் கேக்கல. முந்தின நாளே குத்தி ஊறவச்ச சோளத்த அப்படியே கிடாரத்துல கவுத்துட்டா. ஏன் முதல்ல போட்டா? அரிசி சட்டுனு வெந்துரும், சோளம் லேசுல வேகாது. அரிசிக்குப் பின்னால போட்டா ஆகாதுல்லா? தெரிஞ்சேதான் போட்டிருக்கா.

மூப்பர் ஓடியாந்தாராம். "கிடாரத்தக் கவுத்துங்கல! வேற தண்ணி வையிங்கல!"

இவ அகப்பையைப் பிடிச்சிட்டு அடுப்புக்கு முன்னால நின்னுட்டா. "கவுக்கதுன்னா என்னையும் சேத்துக் கவுக்கணும். என் பிள்ளையத் திருப்பித் தந்தவருக்கு நான் போட்டிருக்கேன். அத எடுக்க இந்த ஊருல எவனுக்கு அதிகாரம்? வரச் சொல்லும் பாப்போம்!"

எவனும் வரல.

"அப்ப என் அரிசி விழாது"ன்னு மூப்பர் ரெண்டு மூட்டையையும் வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாராம்.

வெளியூர் ஆளு வந்தாச்சு. களைஞ்சு வச்ச அரிசி பாதிக் கிடாரத்துக்குக்கூடக் காணாது. அப்பம் சமையக்காரர் யாக்கோபு மெதுவாச் சொன்னாராம், "எங்க வீட்டுல கம்பு கிடக்கு. வெக்கப்பட்டுக் கொண்டாரல." இன்னொருத்தி, "எங்க வீட்டுல தினை கிடக்கு"ன்னா. பொறவு ஊரே ஓடிச்சு. ஒளிச்சு வச்சிருந்ததெல்லாம் வந்து விழுந்துச்சு. கிடாரம் நிறைஞ்சுட்டு. வானத்துல இருந்து ஒண்ணும் இறங்கல மக்கா, சனங்களுக்கு வெக்கம் விட்டுப்போச்சு.

எல்லாரும் தின்னு முடிச்சதும் உபதேசியார் அவ பேரச் சொல்லி ஜெபம் பண்ண எந்திச்சாராம். இவ கையெடுத்துக் கும்பிட்டுட்டா. "ஐயா, ஒரு படி சோளத்துக்குப் பேரு வேண்டாம். பிள்ளையத் தந்தவரு பேரச் சொல்லுங்க, போதும்." அப்புறம் ஒரு சட்டியில சோறு எடுத்துட்டு மூப்பர் வீட்டு வாசல்ல போயி நின்னாளாம். "மூப்பரையா, அசனத்தன்னைக்கு நீங்க பட்டினி கிடக்கக்கூடாது. சாப்பிடுங்க." சிலபேரு அவரு வாங்கினார்ங்காவ, சிலபேரு கதவச் சாத்தினார்ங்காவ. எனக்குத் தெரியாது. அடுத்த வருசம் தண்ணி கொதிச்சதும் முதல்ல ஒரு படி சோளத்தக் கொண்டாந்து போட்டது அவருதானாம். அது நிச்சயம்.

இன்னைக்கு நம்ம ஊருல எல்லா வீட்டுலயும் மூட்டை மூட்டையா அரிசி கிடக்கு. ஆனாலும் சோளம் விழாம கிடாரத்துல ஒரு மணி அரிசி விழாது. யாரு போட்டான்னும் கேக்க மாட்டோம். போன வருசம் வெளியூர்ப் பெரிய மனுசன் ஒருத்தரு பந்தியில முகத்தச் சுளிச்சாரு. "என்னவே, சோத்துல என்னமோ பல்லுல கடிபடுதே?"

"கடிபடட்டும்"னேன்.