ஜெராக்ஸில் அஞ்சு பாயிண்ட்

எர்ணாவூரில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில், டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே பேருந்து அசையாமல் நின்றது. முன் சீட்டில் பரீட்சைக்குப் போகும் இரண்டு கல்லூரி மாணவிகள்.

"உலகப் பிரச்சனை கம்பெனிய எப்டி பாதிக்கும்னு கேட்டா இன்னா எழுதுவ?" என்றாள் ஜன்னலோரத்தவள்.

"ஜெராக்ஸ்ல அஞ்சு பாயிண்ட் கீது. மனப்பாடம் பண்ட்டேன்," என்றாள் மற்றவள்.

"புக்கு படிக்கலியா?"

"அது மிக்சிக்கு அடில கீது. எடுத்தா மிக்சி ஆடும்."

"இன்னாடி, பஸ்ஸு நகரவே மாட்டுது?"

"எங்கியோ சண்டையாம், கப்பல் வர்ல. மூணு நாளா லாரியெல்லாம் இங்கியே நிக்குது. தோ, அந்த மஞ்ச லாரி எங்க நைனா ஓட்றது. கம்பெனில பேட்டா நிறுத்திட்டாங்க."

"அதையே எழுதேன்டி."

"எங்க நைனா ஜெராக்ஸ்ல இல்லியே."

பிறகு கண்ணை மூடி ஒப்பித்தாள்: "பாயிண்ட் ஒண்ணு. சரக்குப் போக்குவரத்து பாதிப்பு."