ஊலாய் ஆற்றில் மிதப்பவன்

— இத யாரு செதுக்குனது, ஸப்தி?

— நாந்தான், கக்குல்லானு ஐயா. ஏன், ஆறு நல்லா வரலியா? மீனெல்லாம் பாருங்க, துள்ளுது.

— மீன விடு. மீனுக்குப் பக்கத்துல ஒருத்தன் செத்து மிதக்குறானே, அவன் தலையில என்ன?

— கூம்புக் கவசம்.

— அத யாரு போடுவா?

— நம்ம அசீரியப் படை...

— நினிவே அரண்மனைச் சுவத்துல நம்மாளு செத்துக் கிடந்து எங்கயாச்சும் பாத்திருக்கியா? ஏலாம்காரன் சாவான், அரபிக்காரன் சாவான். நம்மாளு சாக மாட்டான். உங்க ஊரு டமாஸ்கஸ்ல எப்படியோ, இங்க அதான் முறை. நாலு வருஷமா கல்லு கொத்துற, இது கூடத் தெரியாதா?

— ஏலாம் மேல போன படையோட போயி சண்டைய வரைஞ்சிட்டு வான்னு நீங்கதான அனுப்புனீங்க? ஊலாய் ஆத்தங்கரையில உக்காந்து கண்ணுல பட்டத வரைஞ்சேன். அத அப்படியே கல்லுல ஏத்திட்டேன்.

— மத்தியானம் ராஜா வர்றாரு. இதப் பாத்தாருன்னா உன் வலது கை உனக்கில்ல. மேற்பார்வை நானு, எனக்கும் அதே கதிதான்.

— கவலைய விடுங்க ஐயா. கல்லக் கூட்டத்தான் முடியாது, குறைக்கலாம்ல? கூம்ப இப்படிச் சீவுறேன்... பாத்தீங்களா, மண்டை வந்துருச்சு. நெத்தியில ஒரு பட்டை, பின்னாடி ஒரு முடிச்சு. ஏலாம்காரன் ஆயிட்டான்.

— கால்ல நம்ம படைச் செருப்பு இருக்கே.

— அதுக்குள்ளதான விரலு இருக்கு. நாலு கோடு போட்டா வெறுங்காலு. இந்தா.

— ம். வேலக்காரன்தான்டா நீ.

— டமாஸ்கஸ் கையி ஐயா, சும்மாவா? முகத்துல மட்டும் கை வைக்கல. நேருல பாத்த மாதிரியே அமைஞ்சிருச்சு. இனி முதுகுல நம்ம அம்பு ஒண்ணு கீறிட்டா முடிஞ்சுது.

— அம்பு வேணாம்.

— அம்பு இல்லாம எதிரி எப்படிச் சாவான்? பக்கத்துல மிதக்குற எல்லார் முதுகுலயும் இருக்கே. ராஜா கேப்பாரு.

— முழுகிச் செத்தான்னு நான் சொல்லிக்கிறேன்.

— இவ்வளவு நேரமா முறை முறைன்னு என்னைய அந்தப் பாடு படுத்துனீங்க. ஒரு அம்புதான ஐயா, ரெண்டு தட்டு...

— உளியக் கீழ வைடா. அவன் என் மகன்.