கை படாத பொம்மை

— கையுறை போட்டுக்கிட்டுத் தொடுங்க சார். கப்பல்ல வந்த பொம்மை. மூணு தலைமுறையா எங்க வீட்ல இருக்கு, ஒருத்தர் கை பட்டதில்ல.

— மேடம், பொம்மைக்கு மதிப்பு போடறவன் நான். கையுறை இல்லாம குளிக்கக்கூட மாட்டேன்.

— மொட்டை! விளக்கை இன்னும் கிட்டக் கொண்டா. பொம்மை மேல மூச்சு விடாத.

— விடலைங்க சின்னம்மா. என் பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து பின்வாசல்ல நிக்குது. கதவோரமா நின்னு, பொம்மையை ஒரே ஒரு தடவை...

— வேற வேலையில்ல? சடையை ஆட்டிக்கிட்டு வந்து பெட்டியைத் தட்டி விட்டுரும். அங்கயே நிக்கட்டும். நீங்க சொல்லுங்க சார். ஞாயித்துக்கிழமை எங்க பொம்மைச் சங்கத்துத் தேர்தல். 'கை படாதது'ன்னு நீங்க எழுதிக் கொடுத்தா, தலைவி நாற்காலி எனக்குத்தான்.

— முகம் அருமை. பீங்கான்ல ஒரு கீறல் இல்ல. கண்ணு பழைய கண்ணாடிக் கண்ணேதான். ஆனா, இந்தத் தலைமுடி...

— முடிக்கு என்ன? இடுப்பு வரைக்கும் எப்படித் தொங்குது பாருங்க!

— அதான் மேடம் இடிக்குது. இந்தக் கம்பெனிக்காரன் ஆட்டு ரோமம்தான் ஒட்டுவான். இது மனுஷ முடி. உள்ள பாருங்க, மாவு மூட்டைத் துணியில வச்சுத் தச்சிருக்கு. யாரோ மாத்தியிருக்காங்க.

— முதல்ல உங்க கண்ணாடியை மாத்துங்க! எங்கம்மா சாகிற வரைக்கும் இந்தப் பெட்டிச் சாவியைத் தலகாணிக்கு அடியிலதான் வச்சிருந்தாங்க.

— மாத்தினது டெய்லருங்க சின்னம்மா.

— உன்னை யாரு கேட்டா?

— சின்னம்மாவுக்கு அப்ப ஆறு வயசு. பொம்மையைக் குளிப்பாட்டுறேன்னு கொதிக்கிற தண்ணியில முக்கிட்டீங்க. முடி மொத்தமும் கையோட வந்துருச்சு. மூணு நாள் சோறு திங்காம அழுதீங்க. நாலாம் நாள் உங்கம்மா, பெரியம்மா, என்னை உக்கார வச்சு, தலை பூரா பேன்னு சொல்லிச் சிரைக்கச் சொல்லிட்டாங்க. எனக்குப் பத்து வயசு. அடுத்த வாரம் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கப் போனேன். என் முடி பொம்மை தலையில இருக்கு.

— பேன் இருந்தா வெட்டத்தான் செய்வாங்க.

— பேன் புடிச்ச முடியையா சின்னம்மா உங்க பொம்மைக்குத் தைப்பாங்க?

— ஏன் இத்தனை வருஷம் வாயைத் தொறக்கல?

— நீங்க கேக்கலீங்களே. மொட்டைன்னுதான் கூப்பிட்டீங்க. எனக்கு முடி வளந்துருச்சு, பேரு போகல.

— மேடம், மேடம், ஒரு நிமிஷம்! கதையே வேறயாச்சே! முடி கொடுத்தவங்க உயிரோட, அதே வீட்ல, அதே பொம்மைக்கு இன்னும் தூசி தட்டிக்கிட்டு இருக்காங்க. எந்தப் பொம்மைக்குக் கிடைக்கும் இது? 'கை படாதது' எல்லாம் சாதாரணம். 'சரித்திரம் உள்ளது'ன்னு எழுதறேன்!

— எழுதுங்க, எழுதுங்க! எங்கம்மா எதையும் யோசிக்காம செஞ்சதே கிடையாது.

— நான் அதுக்காகச் சொல்லலீங்க சின்னம்மா...

— சும்மா இரு. உன்னையும் பக்கத்துல நிறுத்தி ஃபோட்டோ எடுப்போம். நல்ல புடவையா கட்டிக்க.

— ஒரே ஒரு குறை மேடம். பொம்மையோட பின்னந்தலையில பூச்சி அரிச்சு ரெண்டு விரல் அகலத்துக்கு வழுக்கை. வேற முடி வச்சுத் தச்சா சரித்திரம் கெட்டுரும். இவங்களுக்கோ நரைச்சுப் போச்சு.

— அப்ப என்னதான் செய்யறது?

— அதே ரத்தமா இருந்தா, நான் கண்டுக்க மாட்டேன்.

— மொட்டை, உன் பேத்தி இன்னும் பின்வாசல்லயா நிக்குது?

— வீட்டுக்குப் போகச் சொல்லிடறேன் சின்னம்மா, இப்பவே சொல்லிடறேன்...

— எதுக்குப் போகணும்? பாவம், எவ்வளவு நேரமா நிக்குது. உள்ள கூப்பிடு, பொம்மையை ஆசை தீரப் பாக்கட்டும். அதுக்குத் தலை பூரா பேனாமே?